சுறாப் பல் தேடிப் போய் ஆட்காட்டி முட்டை பார்த்த நாள்

கோடை மழை ஒன்று நன்றாக அடித்து ஓய்ந்தால், மண் கொஞ்சம் இறுகட்டும் என்று இரண்டு நாள் விட்டுக் காரைக்குக் கிளம்பிவிடுவேன். பெரம்பலூர் மாவட்டத்தில் கொளக்காநத்தம் பக்கம் இருக்கிற காரைதான். ஊரைத் தாண்டியதும் மரம் குறைந்து, மழைநீர் அரித்து மடிப்பு மடிப்பாக விட்டுப்போன களிமண் மேடுகள் தொடங்கும். ஒவ்வொரு மழையும் மேல்மண்ணை ஒரு விரற்கடை கழுவிக்கொண்டு போகும். உள்ளே கிடந்தது வெளியே வரும்.

சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இந்த இடம் கடலடி. அந்தச் சேறுதான் இந்தக் களிமண். சுறாவுக்கு எலும்பு கிடையாது, உடல் முழுக்கக் குருத்தெலும்பு. அது மக்கிப்போகும். பல் மட்டும் கெட்டியான பூச்சோடு இருப்பதால் தங்கிவிடும். ஒரு சுறா தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கில் பல்லை உதிர்த்து முளைக்க வைக்கும். காரைக் களிமண்ணில் கிடைத்த பற்களை வைத்து 2011ல் வெளிவந்த ஓர் ஆய்வில், புதிதாக அடையாளம் கண்ட சுறா ஒன்றுக்குத் தென்னிந்தியாவின் பெயர் வரும்படி 'சூடிண்டிகஸ்' என்று வைத்திருக்கிறார்கள். நம்ம ஊர் மண்ணின் பெயரைச் சுமக்கிற சுறா. இதை நினைத்தாலே எனக்குச் சந்தோஷம்தான்.

தேடுகிறவர்களுக்கு ஒன்று சொல்லணும். காலை ஏழு மணிக்குள் அங்கே இருங்கள். வெயில் சாய்வாக விழும்போதுதான் பல்லின் பளபளப்பு தெரியும். உச்சிக்கு வந்துவிட்டால் மேடெல்லாம் சிதறிக் கிடக்கிற ஜிப்சத் தகடுகள் மின்னி, கண்ணை ஏமாற்றும். மேட்டின் உச்சியில் தேடாதீர்கள். சிறு ஓடை சரிவை விட்டு இறங்கிச் சமதரையில் விரிகிற இடத்தில், பொடிக்கல் ஒதுங்கியிருக்கும். அங்கே குந்தி உட்கார்ந்து பாருங்கள். துப்பாக்கித் தோட்டா மாதிரி நீளக் கற்கள் நிறையக் கிடைக்கும். அவை பெலம்னைட், கணவாய் மீனின் பழைய உறவு. பல் அவ்வளவு எளிதில் கிடைக்காது.

அன்றைக்கு அப்படித்தான் குந்தி உட்கார்ந்திருந்தேன். ஆடு ஓட்டி வந்த பெரியவர் நின்று கேட்டார்.

"என்ன தம்பி, எதையாவது தொலைச்சிட்டீங்களா?"

"இல்லீங்கய்யா, சுறாப் பல்லு தேடுறேன்."

"அதுவா. மழைக்குப் பின்னாடி இப்படி வர்றவங்க உண்டு. அந்தக் கீழ ஓடையப் பாருங்க, அங்கதான் கல்லு ஒதுங்கும். பாத்து நடங்க, ஆக்காட்டி முட்டை வச்சிருக்கு."

சரி என்று கீழே இறங்கினேன். வழியெல்லாம் தம்பலப்பூச்சி. மழை ஈரம் பட்டதும் எங்கிருந்தோ வந்துவிடும், வெல்வெட் துணியைக் கிள்ளிப் போட்ட மாதிரி சிவப்பு. ஒரு கல்லின் மேல் விசிறித்தொண்டை ஓணான் ஒன்று தொண்டையை விரித்து விரித்து மடக்கிக்கொண்டிருந்தது. கிட்டப் போனதும் பின்னங்கால் இரண்டில் எழுந்து ஓடியது. (தமிழ்நாட்டு ஓணான் இனம் ஒன்றுக்கு 2016ல் 'சித்தானா விசிறி' என்று நம்ம சொல்லையே அறிவியல் பெயராக வைத்தார்கள்.)

ஓடையில் பத்தடி போயிருப்பேன். மஞ்சள் மூக்கு ஆட்காட்டிப் பறவை ஒன்று தலைக்கு மேல் கத்திக்கொண்டு வந்தது. ஆள் வருவதைக் காட்டிக்கொடுப்பதால்தான் அதற்கு ஆட்காட்டி என்று பெயர். இன்னொன்று எனக்கு முன்னால் இறங்கிக் குடுகுடுவென்று ஓடியது, நின்றது, திரும்பிப் பார்த்தது. பெரியவர் சொன்னது அப்போதுதான் உறைத்தது. எடுத்த காலை அப்படியே நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தேன். எதுவும் இல்லை. பொடிக்கல்தான். மறுபடி பார்த்தேன். வலது காலுக்கு ஒரு சாண் தள்ளி நான்கு கற்கள் மட்டும் ஒரே அளவில், கூர்முனைகள் உள்பக்கம் பார்க்க, பூப்போல அடுக்கினபடி இருந்தன. காவி நிறம், மேலே கருப்பும் பழுப்பும் தெளித்த புள்ளி. கூடு என்று ஒன்றும் கிடையாது, ஒரு சின்னப் பள்ளம், ஓரத்தில் நாலு பொடிக்கல். அரை மணி நேரமாகக் கல்லையே பார்த்துப் பழகின கண்ணுக்கே அது முட்டை என்று தெரியவில்லை. மேலே பார்த்துப் பேசிக்கொண்டு வருகிறவர் காலடியில் அது என்ன ஆகும் என்று நினைத்ததும் வயிற்றைப் பிசைந்தது.

வந்த காலடித் தடத்திலேயே பின்னால் நடந்தேன். அப்படித் தலை குனிந்து நடக்கும்போதுதான் பல் கண்ணில் பட்டது. கட்டைவிரல் நகம் அளவு. முக்கோணம், நுனி கொஞ்சம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. எண்ணெய் தடவினாற்போலப் பழுப்புப் பளபளப்பு, வேர்ப்பகுதி மட்டும் சொரசொரப்பு. முழங்கால் போட்டுக் குனிந்து பார்த்தால், ஓரம் முழுக்க அரம் மாதிரி நுணுக்கமான பற்கள். இத்தனை கோடி வருஷம் கழித்தும் அந்த ஓரம் மழுங்கவில்லை.

அதைக் கையில் எடுக்கவில்லை. பல வருஷத்துக்கு முன் முதல் முதலாகக் கிடைத்த பல்லைத் தீப்பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நான். புவியியல் பேராசிரியர் ஒருவரிடம் ஆசையாகக் காட்டினேன். எந்த மேடு, எந்த அடுக்கு, பக்கத்தில் வேறென்ன கிடந்தது என்று கேட்டார். ஒன்றுக்கும் பதில் இல்லை. "அழகா இருக்கு தம்பி, ஆனா இனி இதை வெச்சு எதுவும் சொல்ல முடியாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. அப்புறம் எனக்கு ஒரே வழக்கம்: பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து நாலு பக்கமும் படம், போனில் இருப்பிடம், நோட்டில் அடுக்கின் நிறம். பல் அங்கேயே இருக்கும். படங்களை அந்தப் பேராசிரியருக்கு அனுப்பிவிடுவேன்.

ஓடையின் மேற்பகுதியில் இன்னும் எவ்வளவோ பொடிக்கல் ஒதுங்கியிருந்தது. போகணும் என்று கை பரபரத்தது. ஆனால் நான் அங்கே இருக்கும்வரை தாய் முட்டைக்குத் திரும்பாது, வெயிலும் ஏறிக்கொண்டிருந்தது. தூரத்தில் ஒரு சீமைக்கருவேல மரத்தடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அது ஓடி ஓடி நின்று, வயிற்று இறகை உப்பி, மெல்ல அமர்ந்தது. அமர்ந்த நொடியில் மண்ணோடு மண்ணாகிவிட்டது.

மறுபடி போனது ஜூன் கடைசியில். பள்ளம் காலி, ஓரத்தில் வைத்திருந்த பொடிக்கல் அப்படியே இருந்தது. பல் ஒரு முழம் கீழே நகர்ந்து கிடந்தது. நாணயத்தை வைத்து இன்னொரு படம் எடுத்து, நோட்டில் பழைய குறிப்புக்குக் கீழேயே எழுதிக்கொண்டேன்.