மஞ்சள் தடவிய எல்இடி நாலே நாளில் வெளுத்துவிட்டது, உதவுங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். கடையில் வாங்கும் வெள்ளை எல்இடிக்குள் இருப்பது நீலச் சில்லுதான். அதன்மேல் சீரியம் கலந்த இட்ரியம் அலுமினியம் கார்னெட் பூச்சு (சீரியம், இட்ரியம் இரண்டும் அரியமண் தனிமங்கள்), நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றுகிறது; இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. அந்த அரியமண் பூச்சுக்குப் பதிலாகக் மஞ்சள் போன்ற கரிமச் சாயம் (கார்பன் சேர்மத்தாலான சாயம்) போட்டால் என்ன என்று மகளின் கல்லூரி புராஜெக்டுக்காக ஆரம்பித்தோம்.

முதலில் சமையல் மஞ்சளை ஸ்பிரிட்டில் ஊறவைத்து எபாக்சி பிசினில் கலந்தோம். அதை இறுக வைக்கும் ஹார்ட்னர் ஊற்றியதும் சுண்ணாம்பு பட்டதுபோல் சிவந்துவிட்டது! ஹார்ட்னரில் அமீன் என்ற காரத்தன்மையுள்ள சேர்மம் இருப்பது அப்புறம்தான் உறைத்தது. அடுத்து அக்ரிலிக் துண்டுகளை அசிட்டோனில் கரைத்து, மஞ்சள் சேர்த்து மெல்லிய தாளாக வார்த்தோம். 450 நானோமீட்டர் அலைநீள நீல எல்இடிக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே வைத்தால், லேசாகப் பச்சை ஓடிய நல்ல வெள்ளை. வீட்டில் ஒரே கொண்டாட்டம்.

நாலாம் நாள் பார்த்தால் தாளின் நடுவில் காலணா அளவு வெளுத்து, நீலம் அப்படியே ஊடுருவுகிறது. ஒளியும் ஆக்சிஜனும் சேர்ந்து சாயத்தைச் சிதைக்கின்றன என்று நினைக்கிறேன். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வைத்து ஓரத்தை அடைத்தால் தாங்குமா? பெரிலீன் வகைச் சாயம் (இதுவும் ஒளிரும் கரிமச் சாயம்தான்) நீடிக்கும் என்கிறார்கள். சில கிராம் மட்டும் எங்கே கிடைக்கும்? புதுச்சேரிப் பக்கம் நிறமாலைமானி (ஒளியை நிறவாரியாகப் பிரித்து அளக்கும் கருவி) உள்ளவர்கள் ஒருமுறை அளந்து தந்தால் தாளோடு வந்து நிற்போம்.