கடைசி கால வீடியோக்களால் தம்பி பயந்துபோய் இருக்கிறான், அவனிடம் எப்படிப் பேசுவது?

மூத்தவள்:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். என் தம்பிக்கு 21 வயது. ஏழெட்டு மாதமாக ஒரு பிரசங்கியாரின் கடைசி கால வீடியோக்களை விடாமல் பார்க்கிறான். எங்கே போர் வந்தாலும், நிலநடுக்கம் வந்தாலும் அன்று இரவே "இதுதான் அந்த முத்திரை, அடுத்தது இரகசிய வருகை" என்று ஒரு வீடியோ வந்துவிடும். முத்திரை என்பது வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் உடைக்கப்படும் ஏழு முத்திரைகளில் ஒன்று, இரகசிய வருகை என்பது இயேசு வந்து விசுவாசிகளைத் திடீரென்று மேலே எடுத்துக்கொள்வது. படிப்பை முடித்து என்ன ஆகப்போகிறது என்கிறான். போன வாரம் நான் வீட்டுக்கு வரத் தாமதமானது, போனிலும் சார்ஜ் இல்லை. நான் எடுத்துக்கொள்ளப்பட்டுவிட்டேன், தான் கைவிடப்பட்டுவிட்டேன் என்று நினைத்து இருட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான்.

நானும் கர்த்தருடைய வருகையை நம்புகிறவள்தான். அந்த நம்பிக்கையைக் குறைக்காமல் இந்தப் பயத்தை மட்டும் எப்படி எடுப்பது? அந்த நாளையும் நாழிகையையும் பிதா தவிர ஒருவரும் அறியார் என்கிற மத்தேயு 24:36-ஐக் காட்டினேன். "அவர் நாளையும் நாழிகையையும் சொல்லவில்லையே, இந்த வருடத்தைத் தாண்டாது என்று மட்டும்தானே சொல்கிறார்" என்கிறான்.

வேதமாணவன்:

சகோதரி, "நாளைச் சொல்லவில்லை, வருடத்தை மட்டும் சொல்கிறேன்" என்பது பழைய வாதம். 1988 செப்டம்பரில் சபை எடுத்துக்கொள்ளப்படும் என்று 88 காரணங்களோடு புத்தகம் எழுதிய எட்கர் விசனன்ட் இதையேதான் சொன்னார். அது நடக்காமல் போனதும், கணக்கில் ஒரு வருடம் பிசகிவிட்டது என்று 1989-க்கு இன்னொரு புத்தகம் போட்டார். அதற்கு முன் வில்லியம் மில்லர். தானியேல் 8:14-ல் உள்ள 2300 நாளை வருடங்களாக்கி, இயேசுவின் வருகைக்குக் கணக்குப் போட்டவர். கடைசியாகக் குறிக்கப்பட்ட 1844 அக்டோபர் 22-க்காக விளைந்த பயிரை அறுக்காமல் விட்டுக் காத்திருந்தவர்கள் உண்டு. 1992 அக்டோபர் 28 என்று தென் கொரியாவில் சொன்ன போதகர் மோசடிக்காகச் சிறைக்குப் போனார், அவர் வாங்கி வைத்திருந்த கடன் பத்திரங்கள் அந்தத் தேதிக்குப் பிறகு முதிர்வடைபவை. 2011 மே 21 என்று சொன்ன ஹெரால்டு கேம்பிங்கை நம்பிச் சேமிப்பைக் கரைத்தவர்கள் இருந்தார்கள். அடுத்த வருடம் தேதி குறித்தது தவறு, பாவம் என்று அவர் வெளிப்படையாக எழுதினார். இப்படி ஒப்புக்கொள்கிறவர்கள் அபூர்வம்.

ஒரு உதாரணத்தைத் தம்பியோடு சேர்ந்து பாருங்கள். 2014, 2015-ல் நான்கு சந்திர கிரகணங்கள் யூதர்களின் பஸ்காவிலும் கூடாரப் பண்டிகையிலும் வந்தன, இரத்த நிலா, கடைசி கால அடையாளம் என்று பெரிய பரபரப்பு. ஆனால் அந்த இரண்டு பண்டிகைகளும் பௌர்ணமியை ஒட்டித்தான் வரும், சந்திர கிரகணமும் பௌர்ணமியில்தான் நிகழும். இரண்டும் ஒரே நாளில் வருவதில் அதிசயம் இல்லை. இதை மேடையில் யாரும் சொல்லவில்லை. எசேக்கியேல் 38-ல் இஸ்ரவேலின்மேல் படையெடுக்கும் கூட்டத்தில் வரும் மேசேக்கை ரஷ்யாவின் மாஸ்கோ என்பதும் அப்படித்தான், ஒலி ஒற்றுமையைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. அது இன்றைய துருக்கிப் பகுதியில் வாழ்ந்த ஒரு ஜனம்.

சாமக்காவலன்:

நீங்கள் எல்லாரும் இப்படிப் பேசிப் பேசித்தான் சபை தூங்கிக்கொண்டிருக்கிறது. "விழித்திருங்கள்" என்று ஆண்டவரே சொன்னார். இஸ்ரவேல் 1948-ல் தனி நாடாகத் திரும்பி வந்தது தீர்க்கதரிசனம் இல்லையா? அந்த வீடியோக்களைப் பார்த்து மனந்திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

ஓய்வுபெற்ற போதகர்:

சாமக்காவலன் தம்பி, உங்கள் வைராக்கியம் எனக்குப் புரிகிறது, ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் இருந்தேன். இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது என்ற வசனத்தை வைத்து, 1948-ஓடு ஒரு தலைமுறை, அதாவது 40 வருடம் கூட்டினால் 1988 என்று நானே கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். பார்கோடுதான் வெளிப்படுத்தின விசேஷம் 13-ல் மிருகம் போடும் 666 முத்திரை என்று ஒரு ஞாயிறு முழுக்கப் பேசினேன். ஜனங்கள் அழுதார்கள், முன்னால் வந்து முழங்காலிட்டார்கள், நான் அதை எழுப்புதல் என்று நினைத்தேன். பயம் தணிந்ததும் பாதிப் பேர் வரவில்லை. என் சபையில் ஒரு இளம் தம்பதி, முடிவுக்கு முன் வரும் உபத்திரவ காலத்தில் பிள்ளை பெற வேண்டாம் என்று தள்ளிப்போட்டார்கள். இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார்கள், பிள்ளை இல்லை. அவர்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா "பரவாயில்லை ஐயா" என்றார்கள், அதற்கு மேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

விழித்திருங்கள் என்று சொன்ன அதே மத்தேயு 24-ம் அதிகாரத்தில் விழித்திருப்பது எப்படி என்றும் ஆண்டவர் சொல்லிவிட்டார். எஜமான் வரும்போது, வீட்டாருக்கு ஏற்ற வேளையில் உணவு கொடுத்துக்கொண்டிருக்கிற ஊழியக்காரன்தான் பாக்கியவான். செய்தித்தாளை வைத்து முத்திரை எண்ணச் சொல்லவில்லை. யுத்தங்களைப் பற்றிக் கேள்விப்படும்போது கலங்காதீர்கள், முடிவு உடனே வராது என்றும் அங்கேயே இருக்கிறது. கர்த்தருடைய நாள் வந்துவிட்டது என்று கலக்குகிறவர்கள் தெசலோனிக்கேயாவிலேயே இருந்தார்கள். பவுல் அந்தச் சபைக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், அவர்கள் பேச்சைக் கேட்டுச் சஞ்சலப்படாதீர்கள் என்கிறார், அமைதியாக வேலைசெய்து சாப்பிடுங்கள் என்றும் சொல்கிறார். உன் தம்பியின் படிப்புக்கு அது போதுமான பதில், மகளே.

இன்னொன்று. நெற்றியில் முத்திரை என்றாலே மிருகத்தினுடையதைத்தான் காட்டுகிறார்கள். வெளிப்படுத்தின விசேஷத்தில் 13-ம் அதிகாரம் முடிந்து அடுத்த வசனத்திலேயே, ஆட்டுக்குட்டியானவரோடு நிற்கிறவர்களின் நெற்றியில் பிதாவின் நாமம் இருக்கிறது. அதை அவனுக்கு வாசித்துக் காட்டு.

அமைதி:

ஒரே ஒரு விஷயம். தூக்கம் கெட்டு, சாப்பிடாமல் இருந்தால் டாக்டரிடமும் கூட்டிப் போங்கள். வசனம் காட்டி வாதாடினால் மட்டும் அவன் இரவில் தூங்கிவிடமாட்டான். எனக்கே இருபதுகளில் இந்தப் பயம் வந்தது, சபையில் எல்லாரும் "இன்னும் ஜெபி" என்றார்கள், இரண்டு வருடம் வீணானது.

மூத்தவள்:

போதகர் ஐயா எழுதியதைப் படித்துவிட்டு நானே அழுதுவிட்டேன். சொன்ன இடத்தை நேற்று இரவு சேர்ந்து வாசித்தோம், அப்புறம் 1 தெசலோனிக்கேயர் 4. எடுத்துக்கொள்ளப்படுதலைப் பற்றி அவன் எப்போதும் சொல்லும் 17-ம் வசனத்தில் நிறுத்தாமல் 18-ஐயும் வாசிக்கச் சொன்னேன். "இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்." இது அந்த வீடியோவில் வந்ததே இல்லையே என்றான். டாக்டரிடம் போகச் சரி என்றிருக்கிறான். வீடியோ பார்ப்பதை இன்னும் நிறுத்தவில்லை. நான் தாமதமாகும்போது முன்கூட்டியே போன் செய்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.