எஃப்-16: மொத்தம் 6,600 பவுண்டு எண்ணெய் இருக்கு, முன் டாங்க் மட்டும் வற்றுது. உதவுங்க

பல்லடம்_16
எல்லாருக்கும் வணக்கம்ங்க. டிசிஎஸ் என்ற விமான சிமுலேட்டர் கேமில் எஃப்-16சி, பாரசீக வளைகுடா மேப். இரண்டு இறக்கை டாங்க்கும் மாட்டிக் கிளம்பி, நடுவழியில் கேசி-135 டேங்கர் விமானத்திடம் எண்ணெய் முழுசாக நிரப்பிக்கொண்டேன். அப்புறம் கொஞ்சம் சண்டை, ஆஃப்டர்பர்னர் எல்லாம் ஓடியது. திடீரென்று ஃபார்வர்ட் ஃபியூல் லோ (முன் டாங்க்கில் எண்ணெய் குறைவு) விளக்கு எரிகிறது. மொத்தக் கணக்கில் 6,600 பவுண்டு காட்டுகிறது!

எந்த டாங்க்கின் அளவைக் காட்ட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் குவான்டிட்டி குமிழை நார்முக்கு (இயல்பு நிலை) திருப்பிப் பார்த்தால், அளவுமானியில் ஏஎல் முள் 1,400, எஃப்ஆர் முள் 400. ஏஎல் முள்ளில் சிவப்பு வேறு தெரிகிறது. இடது இறக்கையில் 1,000 பவுண்டு கூடுதல் என்றுதானே அர்த்தம்? ஆனால் விமானம் இடப்பக்கம் சாயவில்லை, மூக்குதான் நிலையில்லாமல் ஆடுகிறது. அந்த இடத்தில் சேவ் பண்ணி வைத்திருக்கிறேன். என்ன செய்யலாம் சொல்லுங்கண்ணா.

கோபி_கழுகு
வெளி டாங்க் இரண்டையும் கழற்றி எறிந்துவிடுங்க. கனம் குறைந்தால் சரியாகும்.

பீளமேடு_பம்ப்
ஏனுங் கோபி, அவருக்கு மிச்சமிருக்கிற எண்ணெயில் முக்கால்வாசி அந்த டாங்க்கில்தான் இருக்கும் போல. அதை எறிந்தால் 1,800-ஐ வைத்துக்கொண்டு எங்கே போய் இறங்குவார்?

தம்பி, முதலில் மூன்று விஷயம் சொல்லுங்க. ஒன்று, எந்த டாங்க்கிலிருந்து எஞ்சினுக்கு எண்ணெய் போகும் என்று தேர்ந்தெடுக்கும் எஞ்சின் ஃபீட் குமிழ் எந்த நிலையில் இருக்கிறது? இரண்டு, பறக்கும்போது குவான்டிட்டி குமிழை எதில் வைத்திருந்தீர்கள்? மூன்று, கண்ணெதிரே இருக்கும் ஹட் திரை பக்கத்தில் வலதுபுறம் ஆர்டிஒய் (எண்ணெய் வாங்கத் தயார்) விளக்கு நீலமாக எரிகிறதா?

பல்லடம்_16
பார்த்துவிட்டேன்ங்க. எஞ்சின் ஃபீட் எஃப்டபிள்யூடி-யில் (முன்) நிற்கிறது, நான் அதைத் தொட்ட நினைவே இல்லை. குவான்டிட்டி குமிழ் எக்ஸ்டர்னல் விங்கில் (இறக்கையில் மாட்டிய வெளி டாங்க்) இருந்தது, டாங்க் காலியாவதைப் பார்க்கலாம் என்று வைத்தேன். இரண்டு முள்ளும் 2,400-ஐ விட்டு அசையவே இல்லை. ஆமாங்க, நீல விளக்கும் எரிகிறது.

பீளமேடு_பம்ப்
எல்லாம் புரிந்துவிட்டது.

நீல விளக்கு எரிந்தால், பறக்கும்போது எண்ணெய் வாங்கும் கதவைத் திறக்கும் ஏர் ரீஃபியூல் சுவிட்ச் இன்னும் ஓப்பனில் இருக்கிறது. அது திறந்திருக்கும்வரை வெளி டாங்க்கில் காற்றழுத்தம் இருக்காது. அழுத்தம்தான் அந்த எண்ணெயை உள்ளே தள்ளுகிறது. அதனால்தான் 4,800 பவுண்டு அப்படியே தொங்கிக்கொண்டு வருகிறது. மூக்கு ஆடுவதிலும் அதற்குப் பங்கு உண்டு: அந்தக் கதவு திறந்திருந்தால் கன்ட்ரோல் கம்ப்யூட்டர் டேக்-ஆஃப், லேண்டிங் முறைக்குப் போய்விடும்.

அடுத்தது ஃபீட். ரீஃபியூல் சுவிட்சும் ஃபீட் குமிழும் இடப்பக்கம் ஒரே பேனலில்தான் இருக்கின்றன. சுவிட்சைத் தேடும்போது மவுஸ் சக்கரம் குமிழ் மேல் உருண்டிருக்கும், பலருக்கும் நடப்பதுதான். எஃப்டபிள்யூடி என்றால் முன் டாங்க் பம்புகள்தான் எஞ்சினுக்கு எண்ணெய் கொடுக்கும். இரண்டு கிணற்றுக்கு ஒரே மோட்டார் வைத்து ஒரு வால்வை மூடினால் எந்தக் கிணறு வற்றும்? அதேதான்.

மூன்றாவதுதான் ரொம்ப முக்கியம். பின்னால் கனம் ஏறினால் எண்ணெயைத் தானாக முன்னுக்கு அனுப்பும் ஏற்பாடு எஃப்-16-ல் உண்டு. ஆனால் குவான்டிட்டி குமிழ் நார்மில் இருந்தால்தான் அது வேலை செய்யும். வெளி டாங்க் எண்ணெய் வரவில்லை என்று ஹட்டில் வர வேண்டிய எச்சரிக்கையும் அப்படியே. வேடிக்கை பார்க்கக் குமிழைத் திருப்பலாம், பார்த்ததும் நார்முக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

சூலூர்_வானம்
பம்ப் அண்ணன் சொன்னது சரி. முள் விஷயம் மட்டும் நான் சொல்கிறேன். நார்மில் இருக்கும்போது ஏஎல் காட்டுவது உடலின் பின் டாங்க்குகளை, எஃப்ஆர் காட்டுவது முன் டாங்க்குகளை. இறக்கை டாங்க்கைத் தேர்ந்தெடுத்தால்தான் அதே முட்கள் இடது, வலது ஆகும். இடது இறக்கை எண்ணெய் பின் வரிசைக்கும், வலது இறக்கை எண்ணெய் முன் வரிசைக்கும் போவதால் இந்த ஜோடி. ஆக, உங்களுக்குப் பின்பக்கம்தான் 1,000 பவுண்டு கனம். அது சாயாது, மூக்கைத்தான் படுத்தும்.

இந்த நிலையில் ஸ்டிக்கைப் பலமாக இழுக்காதீர்கள். எஃப்-16 இயல்பிலேயே நிலைத்தன்மையைத் தளர்த்தி வடிவமைத்த விமானம், கம்ப்யூட்டர்தான் பிடித்து வைத்திருக்கிறது. கனம் பின்னால் போகப் போக அதன் கையிருப்பு குறையும், மூக்கு தூக்கியபடி தூக்குவிசை இழந்து கீழே விழும் டீப் ஸ்டாலில் மாட்டினால் மீள்வது பெரும்பாடு. எங்கள் ஊர்த் தளத்தில் இருக்கும் தேஜஸும் இதே ஜாதிதான், அது தலைக்கு மேல் திரும்பும்போதெல்லாம் இந்த நினைப்பு வரும். கான்கார்டில் ஒலிவேகத்தைத் தாண்டும்போது வேண்டுமென்றே எண்ணெயைப் பின்னுக்கு அனுப்புவார்களாம். நமக்கு அந்த வசதியெல்லாம் இல்லைங்க.

பல்லடம்_16
சரிங்கண்ணா, இப்போது எந்த வரிசையில் செய்யட்டும்?

பீளமேடு_பம்ப்
த்ராட்டிலைக் குறைத்து நேராகப் பறங்க. ரீஃபியூல் சுவிட்சை க்ளோஸ் பண்ணுங்க. எஞ்சின் ஃபீட்டை ஏஎஃப்டி-க்கு (பின்) வைத்து முட்களையே பாருங்க. சிவப்பு மறைந்து இரண்டும் ஒழுங்கானதும் உடனே நார்ம். ஏஎஃப்டி-யில் மறந்துவிட்டால் அடுத்து பின் டாங்க் வற்றி இன்னொரு விளக்கு எரியும். வெளி எண்ணெய் முதலில் இறக்கை டாங்க்குக்கு வந்து, அங்கிருந்துதான் உடலுக்கு வரும். அதனால் முள் ஏற நேரமாகும், பதறாதீங்க.

கோபி_கழுகு
அப்போ டாங்க்கை எறிய வேண்டாம்ங்களா 😄

பல்லடம்_16
நடுவில் கரண்ட் போய் யுபிஎஸ் கத்த ஆரம்பித்துவிட்டது, இப்போதுதான் முடித்தேன். அண்ணன் சொன்னபடியே முன் முள் மெதுவாக ஏறியது, சிவப்பு மறைந்தது, நார்முக்கு வந்துவிட்டேன். வெளி டாங்க்கும் இறங்குகிறது, மூக்கும் அடங்கிவிட்டது. ஆனால் இப்போது லேசாக வலப்பக்கம் சாய்கிறதுங்க. அது எதனால்?

சூலூர்_வானம்
இடது இறக்கையிலிருந்து ஏதாவது ஏவினீர்களா?

பல்லடம்_16
ஒரு மேவரிக் ஏவுகணை விட்டேன்ங்க. வலப்பக்கம் இன்னொன்று இருக்கிறது.

சூலூர்_வானம்
அதுதான். எண்ணெய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஃபீட் குமிழைத் தொடாமல், சாய்வைச் சரிக்கட்டும் ரோல் ட்ரிம்மை இடப்பக்கம் கொஞ்சம் தட்டுங்க, போதும்.