செம்பில் முதலீடு: மலேசியாவிலிருந்து வாங்கியவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். பினாங்கு பிறையில் 18 ஆண்டுகளாக வயரிங் வேலை செய்கிறேன். செம்பு விலை ஏறினால் கேபிள் வாங்கும்போதே எங்களுக்குத் தெரிந்துவிடும். மின்சாரக் கார் ஒன்றுக்குச் சுமார் 80 கிலோ செம்பு வேண்டும். பெட்ரோல் காரைவிட மூன்று மடங்குக்கு மேல். புதுச் சுரங்கம் தோண்டி உற்பத்திக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. அதனால் விலை ஏறும் என்ற நம்பிக்கை இருக்கிறது. ஆனால் 2008-இல் சில மாதங்களுக்குள் விலை பாதிக்கும் கீழே விழுந்ததை மறக்கவில்லை.

மகள் படிப்புக்குச் சேர்த்ததில் 5,000 வெள்ளி (ரிங்கிட்) மட்டும் போட எண்ணம். சுரங்க நிறுவனப் பங்கா, இடிஎஃப்பா (பங்குபோலவே சந்தையில் வாங்கி விற்கும் முதலீட்டு நிதி)? அமெரிக்கப் பங்கு என்றால் ஈவுத்தொகையில் 30 விழுக்காடு வரி, அப்புறம் டாலர் மாற்றும் செலவு வேறு. ஃபியூச்சர்ஸ் (பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தம்) வேண்டவே வேண்டாம். வாங்கிய அண்ணன்மார், அக்காமார் கட்டணம் எவ்வளவு ஆனது என்று சொல்லுங்கள்.