ஹீட் ஷீல்டு: கவசமா, தட்டியா?

அனைவருக்கும் வணக்கம். கார் பராமரிப்புக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். எஞ்சின் சூடு உள்ளே வராமல் தடுப்பது பற்றிய அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டேன். ஃபயர்வால், ஹீட் ஷீல்டு, இன்சுலேஷன் மூன்றுக்கும் ‘வெப்பத் தடுப்பு’ என்றே போட்டுவிட்டேன். திரும்பப் படித்தால் எது எதுவென்று எனக்கே தெரியவில்லை. ஃபயர்வாலுக்குத் ‘தீயரண்’, ஹீட் ஷீல்டுக்கு ‘வெப்பக் கவசம்’ சரியாக வருமா?

*

ஐயா, தீயரணைக் கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டு வெகுநாளாகிறது. கார் புத்தகத்தில் அதைப் பார்த்தால் வைரஸ் நினைவுதான் வரும். எஞ்சினுக்கும் நாம் கால் வைக்கும் இடத்துக்கும் நடுவில் நிற்கும் இரும்புத் தகடுதானே அது? ‘எஞ்சின் தடுப்புச்சுவர்’ போதும். இல்லையென்றால் ஃபயர்வால் என்றே விடுங்கள், மெக்கானிக்குக்குப் புரியும்.

எனக்கு உறுத்துவது கவசம். கவசம் என்றால் உடம்போடு ஒட்டிக் கிடக்க வேண்டும். ஹீட் ஷீல்டு ஒட்டவே கூடாது. எஞ்சினிலிருந்து எரிந்த புகையை வாங்கி வெளியே அனுப்பும் குழாய்க்கொத்தான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பல நூறு டிகிரிக்குக் காயும். அதற்கு எதிரே ஒரு மெல்லிய தகட்டைக் கொஞ்சம் இடைவெளி விட்டு நிறுத்துகிறார்கள். பளபளப்பான அலுமினியமாக இருந்தால் மேலே விழும் அகச்சிவப்புக் கதிரில் 90 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். ஏறுகிற மிச்சச் சூட்டை இடைவெளியில் ஓடும் காற்று வாரிக்கொண்டு போகும். இடைவெளியை அடைத்துவிட்டால் பாதி வேலை போச்சு. மேற்கு வெயிலுக்குத் திண்ணையில் கீற்றுத் தட்டி கட்டுவார்களே, அது சுவரை விட்டுத் தள்ளித்தான் நிற்கும். அதனால் ‘அனல்தட்டி’ என்கிறேன்.

அனல் என்றதற்கும் காரணம் உண்டு. அடுப்புக்கு எதிரே நின்றால் முகத்தில் அடிப்பது அனல். அடுப்படி முழுக்க நிறைந்திருப்பது வெக்கை. வாணலிப் பிடியைத் தொட்டால் கையில் ஏறுவது சூடு. பாடப்புத்தகம் கதிர்வீச்சு, சலனம், கடத்தல் என்று பிரிப்பதற்கு வீட்டுப் பேச்சில் ஏறக்குறைய சொல் இருக்கிறது.

இந்தப் பிரிவு தெரியாமல் நான் காசை விட்டிருக்கிறேன். பழைய கார் ஒன்று வைத்திருந்தேன். ஒரு மணி நேரம் ஓட்டினால் கிளட்ச் மிதிக்கும் கால் வேகும். அலுமினியத் தாள் ஒட்டிய விரிப்பை வாங்கிக் கார்பெட்டுக்கு அடியில் போட்டேன். அதே வேக்காடுதான். கடைசியில் ஒரு வயதான மெக்கானிக் டார்ச் அடித்துப் பார்த்து, ஃபயர்வாலில் கிளட்ச் கேபிள் நுழையும் ஓட்டையில் ரப்பர் இல்லை, சூடான காற்று அதன் வழியாக வருகிறது என்றார். வந்தது வெக்கை, நான் கட்டியது அனலுக்குத் தட்டி! ரப்பர் ஒன்று போட்டார், சரியாயிற்று. உங்கள் கையேட்டில் மூன்றும் ‘வெப்பத் தடுப்பு’ என்றிருந்தால் வாசகரும் என்னைப்போலத்தான் கடைக்குப் போவார்.

*

அனல்தட்டி அழகுதான். ஆனால் அனல்மின் நிலையம் வந்த பிறகு அனல் என்றால் பொதுவாகவே வெப்பம் என்று ஆகிவிட்டதே? தட்டி என்றால் கட்சி விளம்பரம் வேறு ஞாபகம் வருகிறது. சலனமும் எல்லோருக்கும் பொதுவில்லை, இலங்கையில் நாங்கள் படித்தது மேற்காவுகை.

*

மேற்காவுகையை மறந்துவிட்டேன், நன்றி. அனல்மின் என்பது கூட்டுச்சொல், அது பாட்டுக்கு அங்கே இருக்கட்டும். ‘அனல் அடிக்குது’ என்று சொல்லும்போது யாரும் மின்நிலையத்தை நினைப்பதில்லை. விளம்பரத் தட்டியும் சட்டத்தில் கட்டி நிறுத்துவதுதான், அது எனக்குச் சாதகம். டவுன் பஸ்ஸில் டிரைவர் பக்கத்தில் ரெக்சின் மெத்தை போட்ட எஞ்சின் மூடி இருக்குமே, அதை வேண்டுமானால் கவசம் என்று சொல்லுங்கள், சண்டைக்கு வரமாட்டேன்.

*

சரி, அனல்தட்டி என்றே போடுகிறேன், முதலில் வரும் இடத்தில் மட்டும் ஹீட் ஷீல்டையும் சேர்த்து. கார்பெட் அடியில் போடும் பஞ்சு விரிப்புக்குச் ‘சூட்டுவிரிப்பு’ என்று எழுதினேன், சூடு தருகிற விரிப்பு மாதிரி இருக்கிறதென்று வீட்டில் சிரித்தார்கள். அதற்கு யாராவது ஒரு சொல் கொடுங்கள். அடுத்த பக்கத்தில், காரின் தரை நடுவே மேடாக எழும் கியர்பாக்ஸ் டனல் வேறு காத்திருக்கிறது.