பதிவுள்ள போதை மறுவாழ்வு மையம் தெரிந்தால் சொல்லுங்க

வணக்கம்ங்க. சித்தி மகனுக்கு 22 வயது, திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. டேபெண்டடால் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்கிறான். இந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாதபோதே எங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

ஊருக்கு வெளியே ஒரு மையம் பார்த்தோம். பதிவுச் சான்றிதழ் கேட்டால், "ரினியூவலுக்குப் போயிருக்கு" என்றார்கள். மூன்று மாதம் வீட்டார் பார்க்கக் கூடாதாம். ஜன்னல் கம்பியில் சங்கிலி தொங்கியது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி இந்த மாதிரி மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிந்திருக்க வேண்டும், சங்கிலியால் கட்டவே கூடாது. சித்தி அங்கேயே அழுதுவிட்டார். சரி என்று கூட்டி வந்துவிட்டோம்.

கோவை, ஈரோடு பக்கம் பதிவுள்ள மையத்தில் யாரையாவது சேர்த்திருந்தால் சொல்லுங்க. அப்புறம், இந்த மாதிரி போதைப் பழக்கத்தை விட உதவ, நாக்குக்கு அடியில் வைக்கும் புப்ரெனார்பின் மாத்திரை எந்த அரசு ஆஸ்பத்திரியில் தருகிறார்கள்? 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணிலும் கேட்கப்போகிறோம். ராத்திரியெல்லாம் உடம்பு முறுக்கித் துடிக்கிறான்ங்க.