லைட் போட்டால் டீசல் முள் இறங்குகிறது, டேங்க் யூனிட் போச்சா?

பாலக்கோடு_பதினாலடி:
வணக்கம். 14 அடி பாடி, 12 வோல்ட் வண்டி. பழைய மாடல், முள் மீட்டர்தான். ராயக்கோட்டையில் தக்காளி ஏற்றிக்கொண்டு கோயம்பேடு போகிறேன். பகலில் டீசல் முள் ஒழுங்காக நிற்கிறது. பொழுது சாய்ந்து ஹெட்லைட் போட்டதும் முக்காலில் இருந்தது பாதிக்கும் கீழே வந்துவிடுகிறது. அணைத்தால் ஏறிவிடும். பிரேக் மிதித்தாலும் ஒரு துடிப்பு. டெம்பரேச்சர் முள் அசைவதே இல்லை. எஃப்சிக்காகச் சேஸுக்குக் கறுப்பு பெயிண்ட் அடித்த பிறகுதான் இந்தத் தொல்லை. பட்டறையில் டேங்க் யூனிட்டை (டேங்குக்குள் மிதவையோடு இருந்து டீசல் அளவை மீட்டருக்குச் சொல்வது) மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?

தொப்பூர்_டிரைவர்:
முள்ளை நம்பியா வண்டி ஓட்டுகிறீர்கள்? நான் குச்சி விட்டுத்தான் பார்ப்பேன். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் டீசல் ஒரு பக்கம் ஒதுங்குவதால் எல்லா வண்டியிலும் முள் ஆடும். யூனிட்டை மாற்றிவிடுங்கள், நிம்மதி.

கிருஷ்ணகிரி_வயரிங்:
அண்ணா சொல்வது சாய்வில் ஆடுவது. சுவிட்சைத் தட்டியதும் இறங்குவது வேறு. யூனிட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். புது யூனிட் போட்டும் சரியாகாமல் என்னிடம் வரும் வண்டிகள் உண்டு. கழற்றி எறிந்த பழைய யூனிட்டில் ஒரு குறையும் இருந்திருக்காது.

மீட்டர் போர்டு எர்த் (கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு) போயிருந்தால் இரண்டு முள்ளும் சேர்ந்து ஆடும். உங்களுக்கு டீசல் முள் மட்டும்தான், அதுவும் பிரேக் லைட்டுக்குக்கூட அசைகிறது. அப்படியென்றால் கோளாறு பின்பக்கம். ஹெட்லைட்டோடு எரியும் டெயில் லைட்டும் டேங்க் யூனிட்டும் ஒரே எர்த் போல்ட்டில் இருக்கும். பெயிண்டர் எர்த் வயர் முனையில் இருக்கும் லக்கைக் கழற்றிவிட்டு, பெயிண்டின் மேலேயே வைத்து முடுக்கியிருப்பார். லைட்டின் கரண்ட் சேஸில் இறங்க வழியில்லாமல் அந்த இடத்தில் வோல்டேஜ் ஏறும். யூனிட்டில் ரெசிஸ்டன்ஸ் கூடிவிட்டது என்று மீட்டர் எடுத்துக்கொள்ளும். உங்கள் வண்டியில் ரெசிஸ்டன்ஸ் கூடினால் முள் காலிப் பக்கம் போகும் போலிருக்கிறது. சில வண்டிகளில் இது தலைகீழ், அங்கே முள் ஏறும்.

மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில், சிவப்பு முனை டேங்க் யூனிட்டின் எர்த் வயரில். சாவி, ஹெட்லைட் இரண்டும் ஆன், கிளீனர் பிரேக்கை மிதிக்கட்டும். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நல்லது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் நான் சொன்னதுதான். மல்டிமீட்டர் இல்லையென்றால் அந்த எர்த்திலிருந்து பேட்டரி நெகட்டிவுக்குத் தனியாக ஒரு நீள வயர் போட்டுப் பாருங்கள். முள் நிலைத்து நிற்கும்.

அப்புறம் போல்ட்டைக் கழற்றி, சேஸ் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை எமரி பேப்பரால் தேயுங்கள். லக்கில் பச்சை பிடித்திருந்தால் வெட்டிவிட்டுப் புதுசு போடுங்கள். பல் வாஷர் வைத்து முடுக்கி, அதன் மேல் கிரீஸ் பூசினால் போதும்.

பாலக்கோடு_பதினாலடி:
0.9 காட்டியது! லக்கைத் தூக்கினால் அடியில் கறுப்பு பெயிண்ட் தோலாக உரிந்து வந்தது. தேய்த்து முடுக்கிய பிறகு லைட்டுக்கும் பிரேக்குக்கும் முள் அசையவே இல்லை. ரொம்ப நன்றிங்க. ஆனால் டீசல் பாதிக்கு வரும்போது மட்டும் முள் சட்டென்று காலிக்கு விழுந்து திரும்ப ஏறுகிறது. இது முன்பே கொஞ்சம் இருந்ததுதான்.

கிருஷ்ணகிரி_வயரிங்:
இது யூனிட்டின் வேலைதான். மிதவைக் கை எப்போதும் ஓடுகிற இடத்தில் டிராக் (ரெசிஸ்டன்ஸ் பட்டை) தேய்ந்திருக்கும். நீங்கள் ஃபுல் டேங்க் அடிக்காமல் பாதியிலேயே ஓட்டுகிறவர் என்று தோன்றுகிறது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, டேங்கின் மேல் மண்ணைத் துடைத்துவிட்டு யூனிட்டை எடுங்கள். பீடி, வெல்டிங் எதுவும் பக்கத்தில் வேண்டாம். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து மிதவையை மெல்லக் கையால் தூக்குங்கள். எண் சீராக மாற வேண்டும். நடுவில் ஓரிடத்தில் அறுந்தால் டிராக் போய்விட்டது, அப்போது மாற்றுங்கள். மிதவையைக் காதருகே குலுக்கியும் பாருங்கள்; உள்ளே டீசல் சலசலத்தால் அது மூழ்கும், பாதி டேங்கிலும் காலி என்று காட்டும்.

பாலக்கோடு_பதினாலடி:
சரிங்க, இறக்கிவிட்டு வந்ததும் கழற்றுகிறேன். யூனிட்டுக்கு அடியில் இருக்கும் பழைய பேக்கிங்கையே திருப்பிப் போடலாமா?

கிருஷ்ணகிரி_வயரிங்:
வேண்டாம், டீசல் கசிந்து டேங்க் மேலே மண் அப்பும். பழைய யூனிட்டையும் பேக்கிங்கையும் கடைக்கே எடுத்துப் போய் ஸ்க்ரூ ஓட்டை பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். மிதவைக் கையின் நீளமும் அதேதான் இருக்க வேண்டும், இல்லையென்றால் முள் வேறு கணக்கு சொல்லும்.